தாயின் நாக்கும் பாட்டனின் எழுத்தும்

மேற்கு ஜேர்மனியும் துருக்கியும் 1961 ஒக்டோபர் 30ஆம் திகதி தொழிலாளர் ஒப்பந்தமொன்றைச் செய்துகொண்டன. இஸ்தான்புல்லில் புகையிரதமேறி வந்தவர்களை ஜேர்மனியர் 'விருந்தினர் தொழிலாளர்' என அழைத்தனர். விருந்தினர் என்றால் ஒருநாள் புறப்பட வேண்டியவர்தானே! 1973இல் ஆட்சேர்ப்பு நின்றது. போனால் திரும்பிவர முடியாதென்று கண்ட பலர், மனைவி மக்களை வரவழைத்து அங்கேயே தங்கினர்.

ஜேர்மனியில் இவர்கள் அந்நியர். விடுமுறையில் ஊருக்குப் போனாலோ 'அல்மான்ஜி', அதாவது ஜேர்மன்காரர் என்ற ஏளனம். 1992இல் மொல்ன் நகரிலும் 1993இல் சோலிங்கனிலும் இனவெறியர் வீடுகளுக்குத் தீவைத்ததில் எண்மர் மாண்டனர். அனைவரும் பெண்களும் சிறுமியருமே. இத்தகைய வேளையில் தாய்நாட்டுக் கொடி ஆறுதல் தருவதை நான் குறைகூறமாட்டேன்.

ஆனால், எந்த அடையாளத்தைப் பேணுவது? 2008இல் கொலோன் நகரில் பேசிய அன்றைய துருக்கிப் பிரதமர் எர்டோகான், பிற இனத்துள் கரைக்க முனைவது மானுடத்துக்கெதிரான குற்றம் என்றார். அதே துருக்கியில் குர்திஷ் மொழியில் அச்சிடுவதற்கு 1983 முதல் 1991 வரை சட்டத்தடை இருந்தது. துருக்கியராகக் கணக்கிடப்பட்டு ஜேர்மனிக்கு வந்தோரில் குர்தியரும் பலர்.

இவ்விடத்தில் எனக்கு எமினே செவ்கி ஓஸ்டமாரின் நினைவு வருகிறது. 1965இல் மேற்கு பேர்லினுக்கு வந்து, வானொலி வால்வுகள் செய்யும் தொழிற்சாலையில் வேலைபார்த்தவர் அவர். (வானொலியில் பேசும் எனக்கு இதில் ஒரு தனி உவகை.) துருக்கி மொழியில் 'டில்' என்ற சொல் நாக்கையும் மொழியையும் குறிக்கும். அதை அப்படியே ஜேர்மனுக்குக் கொண்டுபோய், 1990இல் வெளிவந்த தம் கதைத்தொகுதிக்குத் 'தாய்நாக்கு' என்று பெயரிட்டார். ஜேர்மன் காதுக்கு அது விசித்திரமான சொல்.

அதில் வரும் பெண் தாய்மொழியை எங்கே தொலைத்தோமெனத் தேடுகிறாள். தேட்டம் அவளைப் பேர்லினில் ஓர் அரபு ஆசிரியரிடம் கொண்டு சேர்க்கிறது. ஏன் அரபு? 1928இல் அத்தாதுர்க் அரபு எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தைப் புகுத்தினார். பாட்டனுக்கு அரபு எழுத்து மட்டும், பேத்திக்கு இலத்தீன் எழுத்து மட்டும் தெரியுமாயின், ஒருவர் கடிதத்தை மற்றவர் வாசிப்பதெப்படி? புலம்பெயரும் முன்னரே, தேசியத்தின் பெயரால், நாக்கின் ஒரு பகுதி அறுக்கப்பட்டுவிட்டது. கொடி பிடிப்போர் இதைப் பேசுவதில்லை.

2022இல் ஜேர்மன் இலக்கியத்தின் மிகப்பெரும் விருதான கியோர்க் பூஷ்னர் பரிசு ஓஸ்டமாருக்குக் கிடைத்தது. முதன்முதல் பேர்லினில் வந்திறங்கியபோது அவருக்கு ஜேர்மன் மொழி தெரியாது.