காவல்காரனே கதவை உடைத்தால்...

சில ஆன்டிவைரஸ் மென்பொருள் நாம எழுதின ப்ரோகிராமையே வைரஸ்னு நெனைச்சு அழிச்சிடும். நம்ம உடம்புக்குள்ளயும் அப்பப்போ இந்தக் கூத்து நடக்குது. அது தெரியவந்த கதையைப் பார்ப்போம்.

1900-ல ரஷ்யரான மெட்டல்னிகாஃப், கினிப்பன்றிகளுக்கு அதே இனத்து விந்தணுவை ஊசியில ஏத்தினார். விந்தணுவை முடக்குற எதிர்ப்பொருள் ரத்தத்துல உருவாச்சு. சொந்த உடம்பை உடம்பே தாக்குமான்னு பெரிய விவாதம். 1901-ல பால் எர்லிக், உடம்பு அப்படி ஒரு நிலைமைக்குப் போகாம தன்னைக் காத்துக்கும்னு வாதாடினார்.

விந்தணுவுக்கு ஏன் இந்த வம்பு? நோய் எதிர்ப்பு மண்டலம் 'இவங்கல்லாம் நம்ம ஆளு'ன்னு சின்ன வயசுலேயே பெரும்பாலும் கத்துக்குது. விந்தணு வர்றதோ வயசுக்கு வந்த பிறகு. அதனால விந்தகத்துக்குள்ள செர்டோலி செல்கள் சுவர் கட்டி அதை மறைச்சு வெச்சிருக்கு.

1953-ல நியூயார்க்ல ஜூல்ஸ் ஃப்ராய்ண்டும் கூட்டாளிகளும் கினிப்பன்றி விந்தகத் திசுவை எண்ணெயிலயும், கொன்ன காசநோய் வகைக் கிருமியிலயும் கலந்து ஊசி போட்டாங்க. கினிப்பன்றிகளோட விந்தணு உற்பத்தியே நின்னு போச்சு! செத்த கிருமிதான் இங்க அபாயச் சங்கு. கூட இருந்த திசுவையும் சேர்த்து எதிரிப் பட்டியல்ல போட்டுட்டாங்க.

செத்த கிருமிக்கு ஏன் இவ்ளோ பவர்? 1989-ல சார்லஸ் ஜேன்வே ஒரு விளக்கம் சொன்னார்: கிருமிகளுக்கே உரிய அடையாளங்களைப் பார்த்த பிறகுதான் நோய் எதிர்ப்பு மண்டலம் முழுசா முழிச்சுக்கும். அந்த அடையாளங்களை உணர்ற வாங்கிகளைக் கண்டுபிடிச்ச பாய்ட்லருக்கும் ஹாஃப்மனுக்கும் 2011-ல நோபல் பரிசு.

நிஜ நோய்த்தொற்றுலயும் இதே ரெண்டு விஷயம் சேரலாம். சிறுநீர்ப் பாதை வழியா ஈ.கோலை, கிளமிடியா மாதிரி கிருமிகள் விந்து நாளத்துப் பக்கம் போய் வீக்கம் உண்டாக்கும். சுவர்ல ஓட்டை, கூடவே சங்கு! எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா 1954-லயே ர்யூம்கேயும் வில்சனும், குழந்தையில்லாத சில ஆண்கள்கிட்ட சொந்த விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தனித்தனியா கண்டுபிடிச்சுட்டாங்க.

நம்ம ஊர்ல குழந்தை இல்லைன்னா முதல்ல ஓடவேண்டியது பொண்ணுதான். கோயில், அரசமரம், ஸ்கேன் எல்லாம் அவளுக்கு. எப்பவோ வந்த வீக்கத்தையும் எரிச்சலையும் வெளிய சொல்ல வெக்கப்பட்டு மறைச்ச ஆம்பளையை யாரும் கேக்கறதில்லை. ஒரு எளிய விந்துப் பரிசோதனை, காலத்தோட ஒரு ஆன்டிபயாட்டிக் கோர்ஸ். அவ்ளோதான் சாமி, இதுல என்ன கௌரவக் குறைச்சல்?