எல்லோருக்கும் ஏன் வரவில்லை? தென்சென்னைப் புறநகரின் குடிநீரும் நுண்ணுயிர் இடர் மதிப்பீடும்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரம் கன்டோன்மென்ட் பகுதியிலிருந்தும் அதையொட்டிய மலைமேட்டிலிருந்தும் வாந்தி, வயிற்றுப்போக்குடன் முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பலர் சேர்க்கப்பட்டது குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில். உயிரிழப்பும் நேர்ந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று கரையைக் கடந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் அங்கே குடியிருப்பவர்கள். சாப்பாட்டால் வந்திருக்கலாம் என்ற விளக்கமும் எழுந்தது. நீர் மாதிரிகள் கிண்டி கிங் நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. இந்த வழக்காடலின் நடுவே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: தண்ணீரில் கோளாறு என்றால், அதே குழாயில் பிடித்துக் குடித்த எல்லோருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

பல்லாவரத்தில் நடந்தது எதனால் என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை அல்ல. அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டதும் நியாயமாகப்படுகிற கேள்வி அது. ஆனால் அதன் அடியில் உள்ள கணக்கு தவறு. அதே தவறுதான் நம் குடிநீர்ச் சோதனை முறைக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் கணக்கு. நுண்ணுயிர் இடர் மதிப்பீடு நான்கு படிகளில் நடப்பது. எந்தக் கிருமி என்று அடையாளம் காண்பது, ஒருவர் உடலுக்குள் அது எவ்வளவு போகிறது என்று மதிப்பிடுவது, அந்த அளவுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்ப்பது, இவற்றைச் சேர்த்து மக்கள்தொகைக்கான இடரைச் சொல்வது. மூன்றாவது படிதான் இங்கே தேவை. ரோட்டா வைரஸைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து அமெரிக்காவில் நடத்திய சோதனையிலிருந்து ஒரு வாய்ப்பாடு கிடைத்தது. 1980-களிலிருந்து இன்றுவரை அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி ஆறு துகள்கள் உள்ளே போனால் பாதிப் பேருக்குத் தொற்று. ஒரே ஒரு துகள் போனாலும் நாலில் ஒருவருக்குத் தொற்றக்கூடும். நீரால் பரவும் கிருமிகளில் இவ்வளவு எளிதில் தொற்றுபவை குறைவு.

இப்படிப்பட்ட கிருமியையே வைத்துப் பார்ப்போம். ஒரு தெருக் குழாயில் பத்து லிட்டருக்கு ஒரு துகள் என்ற சராசரியில் அது கலந்திருக்கிறது. ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு லிட்டர் காய்ச்சாமல் குடிக்கிறார்கள். வாய்ப்பாடு தரும் விடை ஏறத்தாழ 5 விழுக்காடு, அதாவது ஐம்பது பேருக்குச் சற்று மேல். தொற்றியவர் எல்லோரும் படுத்துவிடுவதில்லை. பாதிப் பேருக்கு நோயாக வெளிப்பட்டால் 26 பேர். மீதி 974 பேரும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று சத்தியம் செய்வார்கள். மலைமேட்டில் இந்த வைரஸ்தான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. மாசுபட்ட குழாயிலிருந்து குடித்தவரில் பெரும்பாலோர் நலமாக இருப்பது கணிதப்படி எதிர்பார்க்க வேண்டிய விளைவு என்பதற்கே இந்த எண்கள்.

உலகம் அறிந்த பெரும் நிகழ்வுகளும் இதையே சொல்கின்றன. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி புகுந்தபோது நோயுற்றவர்கள் சுமார் 4,03,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். அந்நகர்ப் பகுதி மக்களில் அது நாலில் ஒரு பங்கு. 2000 மே மாதம் கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் மழைநீரோடு மாட்டுச்சாணம் கிணற்றில் இறங்கி, ஈ.கோலை ஓ157 பரவி ஏழு பேர் இறந்தார்கள். நோயுற்றவர் சுமார் 2,300. ஊரில் பாதிக்கும் குறைவு. இரண்டிலும் தண்ணீர்தான் காரணம் என்பதில் இன்று ஐயமில்லை. முக்கால்வாசிப் பேருக்கு வராததை வைத்து மில்வாக்கியில் தண்ணீரை விடுவித்திருந்தால்?

யாருக்கு வருகிறது என்பதில் பழைய எதிர்ப்பாற்றலுக்கும் பங்கு உண்டு. இதற்கான பாடம் நம் ஊரிலேயே கிடைத்தது. 1992 இறுதியில் சென்னையிலும் வேலூரிலும் மதுரையிலும் காலராவின் புதிய வகை ஒன்று தலைகாட்டியது. பின்னால் ஓ139 என்று எண்ணிடப்பட்டு, வங்காளத்தின் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. (முதலில் கண்ட ஊர்களுக்கு அந்தப் பெருமை கிடைக்காததில் நமக்கு வருத்தமில்லை.) காலரா நிலைகொண்ட இடங்களில் வழக்கமாகக் குழந்தைகள்தான் அதிகம் விழுவார்கள், பெரியவர்களுக்குப் பழைய தொற்றுகள் தந்த காப்பு இருக்கும். அந்தக் காப்பு புதிய வகைக்கு எதிராகச் செல்லவில்லை, பெரியவர்களும் வரிசையாக விழுந்தார்கள். தண்ணீரும் குடமும் மாறாமலிருக்க, விழுகிறவர்களின் வயது மட்டும் மாறியது. ஆகவே நோயாளிகளின் எண்ணிக்கை தண்ணீரின் தரத்தை நேரடியாகக் காட்டும் அளவுகோல் ஆகாது.

இனிச் சோதனைக்கு வருவோம். இந்தியக் குடிநீர்த் தர அளவான ஐ.எஸ். 10500, மலக்கழிவு கலந்ததற்கு அடையாளமான ஈ.கோலை 100 மில்லி லிட்டரில் அறவே தென்படக் கூடாது என்கிறது. கண்டிப்பான விதி. ஆனால் 'தென்படவில்லை' என்ற விடை எவ்வளவு தூரம் ஆறுதல் தரும்? லிட்டருக்கு ஒரு ஈ.கோலை என்ற சராசரியில் கழிவு கலந்த நீரிலிருந்து 100 மில்லி எடுத்தால், பத்தில் ஒன்பது முறை அந்தப் புட்டியில் ஒன்றும் இருக்காது. லிட்டருக்குப் பத்து இருந்தாலும் மூன்றில் ஒரு முறைக்கு மேல் சோதனை 'தேறிவிடும்'. இது ஆய்வகத்தின் பிழையன்று, சிறு புட்டியின் இயல்பு. குளோரினுக்கு ஈ.கோலை முதலில் சாகும், வைரஸ்கள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், கிரிப்டோஸ்போரிடியம் குளோரினைக் கண்டுகொள்வதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே தர அளவு, வைரஸுக்கு அடையாளமான எம்.எஸ்.2 ஃபேஜை ஒரு லிட்டரிலும், கிரிப்டோஸ்போரிடியத்தையும் ஜியார்டியாவையும் பத்து லிட்டரிலும் தேடச் சொல்கிறது. நகராட்சி அளவில் அன்றாடம் செய்யக்கூடிய சோதனைகள் அல்ல அவை.

புட்டியின் அளவைவிட, அது நிரப்பப்படும் நேரம் பெரிய சிக்கல். மாதிரி எடுக்கும் முறை இது: குழாய் வாயைத் தீயில் வாட்ட வேண்டும், இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட வேண்டும், பிறகு கிருமி நீக்கிய புட்டியில் பிடிக்க வேண்டும். பெருங்குழாயில் ஓடும் நீரின் தரம் அறிய இது சரியான முறை. ஆனால் குரோம்பேட்டை, பல்லாவரம், அஸ்தினாபுரம் சந்துகளில் தண்ணீர் விட்டதும் நடப்பது வேறு. குழாய் காற்றை ஊதிவிட்டு முதல் செந்நீரைத் துப்பும்போதே முதல் குடம் அடியில் இருக்கும். கொஞ்சம் தெளிந்தவர் அந்த முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றுவார். நேரமும் தண்ணீரும் குறைவாக உள்ள வீட்டில் அதுவும் சமையலறைக்குத்தான் போகும். சோதனையாளர் கீழே ஓடவிடும் அந்த இரண்டு மூன்று நிமிட நீரைத்தான் அந்த வீடு குடிக்கிறது.

அந்த முதல் நீர் ஏன் மோசமானது என்பதைப் புறநகரின் குழாய் அமைப்பே விளக்கும். பாலாற்று நீரும் செம்பரம்பாக்கம் நீரும் உள்ளூர்க் கிணற்று நீரும் கலந்து வரும் இப்பகுதிகளில் 24 மணி நேர விநியோகம் கிடையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில தெருக்களில் இன்னும் இடைவெளி விட்டு, சில மணி நேரம் மட்டும் வரும். மீதி நேரமெல்லாம் குழாயில் அழுத்தம் இல்லை. அழுத்தம் இருக்கும்வரை பழைய இணைப்புகளின் விரிசலிலிருந்து நீர் வெளியே கசியும். அழுத்தம் போனதும் திசை மாறி, வெளியே தேங்கியிருப்பது உள்ளே வரும். பாதாளச் சாக்கடை எட்டாத தெருவில் செப்டிக் டேங்கின் கசிவு பக்கத்திலேயே இருக்கும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழாய் மட்டத்துக்கு ஏறி நிற்கும். போதாக்குறைக்கு நம் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு: வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் பூட்டி இழுப்பது. கடைமடை வீட்டுக்காரருக்கு அது தற்காப்பு. ஆனால் அந்த மோட்டார் பெருங்குழாய் நீரை மட்டும் இழுப்பதில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு ஓட்டையையும் உறிஞ்சுவாயாக மாற்றிவிடுகிறது.

இது வெறும் ஊகம் அன்று. கர்நாடகத்தின் ஹுப்ளி–தார்வாடில் சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேர விநியோகம் வந்தபோது, எமிலி கும்பெல், காரா நெல்சன் ஆகிய ஆய்வாளர்கள் இரு வகைக் குழாய்களையும் ஒப்பிட்டார்கள். தொடர் விநியோகத்தில் 0.7 விழுக்காடு மாதிரிகளில்தான் ஈ.கோலை; விட்டுவிட்டு வரும் விநியோகத்தில் 31.7 விழுக்காடு. அதே ஊரில் பின்னர் நடந்த சுகாதார ஆய்வின் முடிவு இன்னும் கவனிக்கத் தக்கது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஒட்டுமொத்தமாகக் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆனால் டைபாய்டு குறைந்தது. ஏழை வீடுகளில் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் குறைந்தது. குழாயைச் சரிசெய்தால் எல்லாம் தீரும் என்பவரும் குழாயில் ஒன்றுமில்லை என்பவரும் ஒருசேர நின்று யோசிக்க வேண்டிய முடிவு. டைபாய்டு நமக்கு அந்நியமும் அல்ல. 2017 முதல் 2020 வரை நாட்டில் நடந்த கண்காணிப்பில், வேலூர் உள்ளிட்ட மூன்று நகரக் களங்களில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1,173 வரை டைபாய்டு பதிவானது. புனே அருகே கிராமக் களத்தில் அது 35.

விட்டுவிட்டு வரும் விநியோகத்தில் இடர் ஆண்டு முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. 364 நாள் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் தொற்று வாய்ப்புள்ள அருமையான தண்ணீர் வருகிறது, புயலுக்குப் பிந்தைய ஒரே நாளில் மட்டும் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஆண்டு இடரும் பத்தில் ஒன்றுதான். அந்த 364 நாட்களும் கணக்கில் தென்படுவதே இல்லை. மாதம் ஒரு மாதிரி எடுத்து ஆண்டுச் சராசரி போடும் நிர்வாகம் இந்த ஒரு நாளைத் தவறவிடுவது ஏறத்தாழ நிச்சயம்.

குரோம்பேட்டைக்காரருக்கு இப்படி நினைப்பது பழக்கமில்லாததற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த குரோம் தோல் ஆலையிலிருந்தே ஊருக்குப் பெயர். நாகல்கேணி வரை நீண்ட தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரைக் கெடுத்ததை இரண்டு மூன்று தலைமுறைகள் பார்த்திருக்கின்றன. ஆகவே இங்கே தண்ணீர்ப் பயம் என்றால் உப்பு, நிறம், உலோகம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வேதி இடர் ஆண்டுக்கணக்கில் சேர்வது, சராசரியில் தெரிவது; நுண்ணுயிர் இடர் ஒரு பிற்பகலில் வந்து போவது. வீட்டுக்கு வீடு சட்டைப்பைப் பேனா போல ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. அது கரைந்த உப்பை அளக்கும், கிருமியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. எண் 80 என்று காட்டினால் 'சுத்தமான தண்ணி' என்று நிம்மதியாகக் குடிக்கிறோம். ஆர்.ஓ. கருவி ஒழுங்காக இயங்கினால் கிருமியையும் தடுக்கும். ஆனால் அது பாதுகாப்புக்கு இருந்த குளோரினையும் எடுத்துவிட்டே நீரைத் தருவதால், அந்த நீர் பாத்திரத்தில் கிடக்கும்போது கைபட்டுப் புகும் கிருமிக்குத் தடையேதும் இல்லை. கேன் தண்ணீருக்கும் இதே கதைதான்.

இத்தனைக்கும் எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. இடர் மதிப்பீட்டுக்குக் கிருமி வாரியான தரவு வேண்டும், அது இப்பகுதிகளை நிர்வகிக்கும் தாம்பரம் மாநகராட்சியிடம் எப்படி இருக்கும்? வாய்ப்பாடுகளோ நலமான அமெரிக்க இளைஞர்களிடமிருந்து வந்தவை. சத்துக்குறைவான குழந்தைக்கும் சர்க்கரை நோயுள்ள முதியவருக்கும் அவை பொருந்துமா? இரண்டும் சரியான கேள்விகள். காலராவிலேயே, வெறும் நீரில் கொடுத்தபோது கோடிக்கணக்கில் தேவைப்பட்ட கிருமிகள், வயிற்று அமிலத்தைத் தணித்துவிட்டுக் கொடுத்தபோது பல மடங்கு குறைவாகவே போதுமாயின. அமிலக் குறைப்பு மாத்திரையை வழக்கமாகப் போடுகிற ஊர் நாம். ஆகவே 'குரோம்பேட்டையின் ஆண்டு இடர் இவ்வளவு' என்று தசமப் புள்ளியோடு ஒரு எண்ணைக் கொடுப்பவரை நானும் நம்ப மாட்டேன். இந்த முறையின் பயன் எந்த நாளில், எந்த இடத்தில், எதை அளக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தருவதில் இருக்கிறது. அதற்குத் தோராயமான எண்களே போதும்.

அந்த வரிசையில் முதலில் வருவது எஞ்சிய குளோரின். ஈ.கோலைச் சோதனைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும், குளோரின் சோதனைக்குச் சில நிமிடம். தர அளவு கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம், வைரஸுக்கு எதிராக என்றால் 0.5. இதைத் தொட்டியடியில் அளப்பதில் பொருளில்லை, கடைசி வீட்டின் குழாயில், தண்ணீர் வந்த முதல் நிமிடத்தில் அளக்க வேண்டும். அங்கே குளோரின் சட்டென்று காணாமல் போயிருந்தால் வழியில் ஏதோ அதைத் தின்றிருக்கிறது. கிருமியின் பெயர் தெரிவதற்கு முன்பே அந்தத் தெருவுக்கு விநியோகத்தை நிறுத்தலாம். பிளீச்சிங் பவுடரையும் கவனிக்க வேண்டும். புதிதாக 33 விழுக்காடு குளோரின் உள்ள தூளில் ஆறு கிராம், ஆயிரம் லிட்டர் சம்புக்கு லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் தரும். மழைக்கால ஈரத்தில் திறந்து கிடந்து 15 விழுக்காட்டுக்கு இறங்கிய தூள் அதே ஆறு கிராமில் 0.9 மில்லிகிராம்தான் தரும். சேறு கலந்த நீரில் அதுவும் நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெள்ளம் வடிந்த தெருவோரத்தில் வெள்ளைக் கோடாகத் தூவப்படும் தூளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

இரண்டாவது, நோயாளிப் பதிவேடு. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் உருவானது தாம்பரம் மாநகராட்சி. குழாய்கள் பழைய எல்லைகளின்படி போடப்பட்டவை, வார்டுகள் 70 என்று புதிதாக வகுக்கப்பட்டவை, நடுவே கன்டோன்மென்ட் வாரியம் தனி நிர்வாகம். நோய் வார்டு வாரியாக எண்ணப்படுகிறது. கழிவு புகுவதோ வால்வு வாரியாக. ஒரே வால்விலிருந்து பிரியும் இரண்டு சந்துகள் இரண்டு வார்டுகளில் விழுந்தால், நான்கும் மூன்றுமாகப் பிரிந்த ஏழு நோயாளிகள் எந்தப் பட்டியலிலும் உறுத்த மாட்டார்கள். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டில் தெருப்பெயரோடு தண்ணீர் எந்த நாளில் வந்தது, குடித்தது குழாயா, கேனா, லாரியா என்று மூன்று கட்டங்கள் சேர்த்து, அதை வால்வு வரைபடத்தின் மேல் அன்றாடம் வைத்துப் பார்த்தால் அந்த ஏழு பேரும் ஒரே இடத்தில் தெரிவார்கள். வரைபடம்தான் கடினமான பகுதி. எந்த வால்வு எந்தச் சந்துக்கு என்பது பல இடங்களில் தண்ணீர் திறந்துவிடும் பணியாளரின் நினைவில்தான் இருக்கிறது. அவர் ஓய்வு பெறுவதற்குள் அவரோடு தெருத்தெருவாக நடந்து அதைத் தாளில் இறக்கியாக வேண்டும்.