பரணிலிருந்து இறங்கிய டிஸ்க்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு மாநில அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டது 9.12 லட்சம் கணினிகளுக்கு. ஒவ்வொன்றிலும் விண்டோஸும் வேண்டும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வேண்டும். இத்தனை கணினிகளில் தனித்தனியாக உட்கார்ந்து யாரும் இன்ஸ்டால் செய்வதில்லை. ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றிச் சோதித்து, அதைத் தாயாக வைத்து மற்றதையெல்லாம் நகலெடுப்பதுதான் கம்பெனிகளின் வழக்கம். இங்கே பேசப்போகும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் அப்படி வந்த நகல்களில் ஒன்று.

அந்த அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். பாங் பா-இன்னில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் தண்ணீர் புகுந்து உற்பத்தியே நின்றது. உலகம் முழுக்க டிஸ்க் விலை எகிறியது, சென்னை ரிச்சி தெரு உட்பட. கடைக்குப் போய் டிஸ்க் வாங்கியவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், திண்டிவனத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகள் கையில் இந்த டிஸ்க் மடிக்கணினியோடு வந்து சேர்ந்தது.

முதல் நாள் அதற்கும் பக்கத்து பெஞ்ச் பெண்ணின் டிஸ்க்குக்கும் வித்தியாசமே இருந்திருக்காது. கல்லூரிக் காலத்தில் பிராஜெக்ட் ரிப்போர்ட்டும் சினிமாப் பாட்டும் சேர்ந்தன. கல்யாணமாகி விழுப்புரம் போனதும் வீட்டுக்காரரின் நெல் மண்டிக் கணக்கு ஏறியது. கணக்கு மென்பொருளின் சிடி எங்கே போனதென்று தெரியாது. போட்டுக்கொடுத்த ஆளும் ஊரில் இல்லை. தமிழ் தட்ட என்எச்எம் ரைட்டர், நாலைந்து பழைய எழுத்துருக்கள். பாஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, ஆனாலும் அது தன் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. மடிக்கணினி பரணில் இருந்ததால் நனையாமல் தப்பியது. (நனைந்திருந்தால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: சாதாரண ஹார்டு டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. தண்ணீரில் மூழ்கியதைக் காயவைத்து ஆன் செய்து பார்ப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.) இறக்கும்போது கை நழுவி விழுந்தது. அதன்பின் விண்டோஸ் திறக்க ஒரு யுகம் ஆனது, நடுவே டிக் டிக் சத்தம் வேறு.

கணினிக் கடைத் தம்பி சுலபமாகச் சொன்னான்: “கோஸ்ட் போட்டு எஸ்எஸ்டிக்கு மாத்திடலாம்க்கா. ஒரு மணி நேர வேலை.”

“மண்டிக் கணக்கு அப்படியே இருக்குமா தம்பி?”

“அதெல்லாம் இருக்கும்க்கா.”

கோஸ்ட் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முரே ஹசார்டு எழுதிய மென்பொருள். 1998-ல் சைமன்டெக் வாங்கியது, 2013-ல் நார்ட்டன் கோஸ்ட் விற்பனையை நிறுத்தியது. நம்மூர்க் கடைகளில் மட்டும் எந்த மென்பொருளால் நகலெடுத்தாலும் இன்றும் கோஸ்ட்தான். தம்பி சொன்ன வழி நல்ல டிஸ்க்குக்குச் சரி. இந்த டிஸ்க்குக்கு மூன்று சிக்கல்கள்.

முதலாவது உடல்நிலை. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்த்தால் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் இருந்தன. சாதாரண குளோன் மென்பொருள் அங்கே முட்டி நின்றுவிடும், இல்லையேல் திரும்பத் திரும்பப் படித்து டிஸ்க்கை இன்னும் சாகடிக்கும். இரண்டாவது அளவு. புது எஸ்எஸ்டி 240 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 223 சொச்சம். பெரியதிலிருந்து சிறியதற்குச் செக்டார் செக்டாராக ஊற்றினால் கடைசிப் பகுதி வெளியே நிற்கும். மூன்றாவது, இரட்டை பூட். டிஸ்க்கின் முதல் செக்டாரில் 512 பைட். அதில் 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் பகுதிகளின் பட்டியல். அதை ஒட்டி, முதல் பார்டிஷனுக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில் லினக்ஸின் பூட் லோடரான கிரப் குடியிருக்கிறது. சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் இந்த இடம் விடுபட்டுப்போகும். கோப்பெல்லாம் பத்திரமாக இருந்தும் கணினி எழுந்திருக்காது.

புதிதாக விண்டோஸ் போடுவதுதான் எப்போதும் சுத்தமான வழி என்பது என் கட்சி. மண்டிக் கணக்கு மென்பொருள் அதற்கு இடம் தரவில்லை.

அதனால் டிஸ்க்கின் பயணம் இரண்டு கட்டமானது. முதலில் லினக்ஸ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து கணக்குக் கோப்புகளையும் படங்களையும் மட்டும் வெளியே எடுத்தோம். பிறகு டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கும் ஒரு 500 ஜிபி டிஸ்க்குக்குப் போனது. அறுவடை முடிந்த வயலில் பிறகு வந்து கதிர் பொறுக்குவதுபோல, இது சுலபமாக வருவதை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது. எதுவரை எடுத்தது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துவைப்பதால் நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வயசாளி டிஸ்க்கின் வேலை அதோடு முடிந்தது.

மற்றதெல்லாம் நகலின் மீதுதான். கோப்பமைப்பைச் சரிபார்த்து, பார்டிஷன்களை ஜிபார்ட்டெடில் சுருக்கி, எல்லாம் 223-க்குள் அடங்கியபின் குளோன்ஜில்லாவுக்கு விட்டோம். தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவான இலவச மென்பொருள் அது. பயன்படுத்தப்பட்ட பகுதிகளை மட்டும் நகலெடுப்பதால் வேகம். இலக்கு டிஸ்க் சிறியதென்றால் மறுத்துவிடும். நிபுணர் முறையில் போய் அந்தச் சோதனையை நிறுத்த வேண்டும். பார்டிஷன்களைச் சுருக்காமல் இதை மட்டும் செய்வது விபரீதம்.

முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கோ இடைநகலோ கூட இருக்கக் கூடாது. விண்டோஸ் டிஸ்க்கை அடையாளம் காண்பது முதல் செக்டாரிலுள்ள நான்கு பைட் கையொப்பத்தை வைத்து. ஒரே கையொப்பத்தோடு இரண்டு டிஸ்க் தெரிந்தால் ஒன்றை முடக்கும் அல்லது மாற்றி எழுதும்; மாற்றி எழுதப்பட்டது பூட் ஆகாமல் போகலாம். இதைத் தவிர்த்ததால் எஸ்எஸ்டியில் விண்டோஸ், பாஸ் இரண்டும் எழுந்தன. மண்டிக் கணக்கும் திறந்தது.

ஒரு நிபந்தனையோடுதான் அக்கா மகளிடம் கொடுத்தேன்: இன்டர்நெட் கூடாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. குளோன் அந்த ஓட்டைகளையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறது.

2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. வாங்குகிற தம்பி தங்கைகள் முதல் வாரமே, டிஸ்க் திடமாக இருக்கும்போதே, வெளி டிஸ்க்கில் ஒரு முழு இமேஜ் எடுத்துவையுங்கள். விண்டோஸ் 11-ல் டிஸ்க் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று பார்த்து, பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். அந்த 48 இலக்கங்கள் இல்லாவிட்டால், வேறு கணினியில் எந்தக் குளோனும் திறக்காது.