ஒரு காணி, ஒரு ஏக்கர், நடுவுல போன முப்பத்திரண்டு சென்ட்

போன வாரம் சென்னையில இருந்து ஒருத்தர் போன் பண்ணினார். ஒரகடம் பக்கம் மனை பாக்கிறாராம். பேச்சோட பேச்சா கேட்டார்: "ஏங்க, ஒரு கிரவுண்டுன்னா அதென்ன 2,400 சதுர அடி? ரெண்டாயிரம், மூவாயிரம்னு முழுசா வெச்சிருக்கக் கூடாதா?"

நல்ல கேள்வி. அதுக்குப் பதில் எங்க கழனியிலதான் இருக்கு.

எங்க செங்கல்பட்டுச் சீமையில நிலம் அளந்தது கோலால. கோல் நீளம் 24 அடி. நாலு பக்கமும் ஒரு கோல் வர்ற சதுரம் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி சேர்ந்தா ஒரு காணி, 57,600 சதுர அடி. அந்தக் காணியை 24 பங்கா போட்டா ஒரு பங்கு 2,400. அதுதான் மனை. வெள்ளைக்காரன் வாயில அது கிரவுண்டு ஆச்சு. ஆக, கண்ணாடி போட்ட ஆபீசுல உக்காந்து இன்னைக்கு கிரவுண்டு விலை பேசறவங்க, அவங்களுக்கே தெரியாம எங்க தாத்தா கோலைத்தான் பிடிச்சிட்டிருக்காங்க.

கோல் எல்லா ஊர்லயும் ஒரே அளவு இல்ல. சோழர் காலத்துல எந்தக் கோலால அளந்ததுன்னும் கல்வெட்டுல சேத்தே எழுதுவாங்க. சில கோயில் சுவத்துல கோல் நீளத்தையே வெட்டி வெச்சிருக்காங்க, சந்தேகம்னா போய் ஒப்பு பாத்துக்கலாம். இங்கிருந்து பக்கம்தான் உத்திரமேரூர். அங்க முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலையில பேர் எழுத வரி கட்டற நிலம் கால் வேலியாவது இருக்கணும்னு சொல்லுது. அளவுல தப்பு வந்தா சபையில இடமே போயிடும்!

கம்பெனிக்காரன் கைக்கு இந்தச் சீமை வந்த பிறகு பர்னார்டுன்னு ஒரு இஞ்சினியர் 1767ல ஆரம்பிச்சு 1774 வரைக்கும் ஊர் ஊரா அளந்து கணக்கு எடுத்தார். 1802ல லாம்டன் துரை பரங்கிமலை பக்கத்துல இருந்து பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல், நூறடி இரும்புச் சங்கிலியைப் போட்டுப் போட்டு அளந்தார். வெயில்ல இரும்பு நீளும்னு தெர்மாமீட்டர் வெச்சு அதுக்கும் கணக்கு தள்ளினாங்களாம். இந்தியா பூராவும் அளந்ததுக்கு அதுதான் ஆரம்பக் கோடு.

ஊருக்குள்ள வந்த சங்கிலி வேற. அது 66 அடி, நூறு கண்ணி. குண்டர்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1620 வாக்குல செஞ்சது. ஒரு சங்கிலி அகலம், பத்து சங்கிலி நீளம்னா ஒரு ஏக்கர், 43,560 சதுர அடி. அதுல நூத்துல ஒரு பங்கு சென்ட், 435.6. அப்புறம் மெட்ரிக் வந்தது. 1980கள்ல பட்டாவெல்லாம் ஹெக்டேர், ஏர்னு மாறிடுச்சு. வாயில காணி, பேரத்துல ஏக்கர், காகிதத்துல ஹெக்டேர். மூணு கணக்கு ஒரே துண்டு நிலத்துக்கு.

எங்க வீட்டுக்கு அடி விழுந்தது இந்த இடத்துலதான்.

1996ல ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அடுத்த வருஷமே எங்க ஊர் டீக்கடையில புரோக்கருங்க கூட்டம். அக்கா கல்யாணக் கடன் இருந்தது. அப்பா மேட்டுப் புஞ்சை ஒரு காணியைக் குடுக்க ஒத்துக்கிட்டார். "ஏக்கருக்கு இவ்வளவு, உங்களுது ஒரு ஏக்கர், சரிதானே பெரியவரே?"ன்னு கேட்டான் புரோக்கர். "காணிப்பா அது"ன்னார் அப்பா. "ரெண்டும் ஒண்ணுதான், இங்கிலீஷ்ல ஏக்கர்"ன்னு சொல்லிட்டான். நானும் பக்கத்துலதான் நின்னேன். பன்னெண்டாவது படிச்சவன். வாயைத் திறக்கல.

பத்திரத்துல ஒரு தப்பும் இல்ல. பட்டாவுல இருந்த மாதிரியே 0.53.5 ஹெக்டேர்னு சரியா எழுதியிருந்தாங்க. அப்பா அதைப் பாத்து, "அரைன்னு போட்டிருக்கே"ன்னு மட்டும் கேட்டார். காசு ஒரு ஏக்கருக்கு வந்தது. நிலம் ஒரு காணி போச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு டிரங்குப் பெட்டியில தாத்தா பத்திரம் கிடைச்சப்பதான் பென்சில் எடுத்து கணக்குப் போட்டேன். 57,600ல 43,560 போனா 14,040 சதுர அடி. முப்பத்திரண்டு சென்ட். ஆறு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி. அப்பா கிட்ட சொல்லல. 2009ல அவர் போற வரைக்கும் சொல்லல.

நெல் அளக்கிறப்ப எங்க அப்பாவை யாரும் ஏமாத்த முடியாது, அதையும் சொல்லணும். ஆழாக்கு எட்டு ஒரு படி, படி எட்டு ஒரு மரக்கால். குவிச்சு அளக்கிறானா, தலை வழிச்சு அளக்கிறானான்னு பாத்துக்கிட்டே, "லாபம், ரெண்டு, மூணு"ன்னு எண்ணுவார். (முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம்.) கையில பிடிச்ச அளவு அவருக்குப் பொய் சொல்லாது. காகிதத்து அளவுதான் சொல்லிச்சு.

இப்ப சென்னைக்காரர் விஷயத்துக்கு வர்றேன். மனையோட நாலு பக்கமும் டேப் வெச்சு அளந்து, எதிரெதிர் பக்கத்தைக் கூட்டி ரெண்டால வகுத்துப் பெருக்கிட்டாராம். ஊர்ல எல்லாரும் போடற கணக்கு அது. மூலை நேரா இல்லேன்னா அது எப்பவும் கூடத்தான் காட்டும், குறைச்சுக் காட்டாது. நாலு பக்கமும் நூறு நூறு அடி இருக்கிற இடம் சாஞ்சு கிடந்து, குறுக்கே ஒரு பக்கம் 160, இன்னொரு பக்கம் 120 இருந்தா, உள்ள இருக்கிறது பத்தாயிரம் இல்ல, 9,600 தான். கிட்டத்தட்ட ஒரு சென்ட் காத்துல போச்சு. அதனாலதான் சர்வேயர் புலப்படத்துல மூலைக்கு மூலை கோடு போட்டு நிலத்தை முக்கோணமா பிரிக்கிறார். மூணு பக்கம் தெரிஞ்ச முக்கோணம் சாயாது.

கொத்தனார் மூலைமட்டம் இல்லாதப்ப செய்யறதை அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். மூலையில இருந்து ஒரு பக்கம் மூணடி, மறுபக்கம் நாலடி குறி வைங்க. குறுக்கே சரியா அஞ்சடி வந்தா மூலை நேர்.

ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கார். புலப்படம் நகலும் நூறடி டேப்பும் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். டேப்போட ஒரு முனையை நான் பிடிக்கிறேன். விலை பேசறதுக்கு முன்னாடி அளந்துடுவோம்.