செற்றச்சல் பள்ளியும் போனக்காட்டுப் பிள்ளையும்

கல்வி அழியாச் செல்வம் என்பதை நம்மவர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆயினும் அச்செல்வத்தின் வாயிலில் யார் நின்றனர், யார் தடுக்கப்பட்டனர், அவ்வாயில் எவ்வாறு திறந்தது என்னும் வரலாற்றை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனை ஒட்டி நம் சங்கம் செய்யத்தக்க காரியம் ஒன்றையும் இவ்வாண்டு விழா மலரில் குறிப்பிட விரும்புகிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு என்னும் மலையூரை அடையலாம். 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியமலைக்குச் செல்வோர் இவ்வூரிலிருந்தே நடை தொடங்குவர். ஆங்கிலேயர் காலத்தில் இங்குத் தேயிலைத் தோட்டம் அமைந்தது. தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறி, கொழுந்து பறித்து, லயங்களில் வாழ்ந்து, தலைமுறைகளைக் கழித்தன. பின்னர்த் தோட்டம் நலிந்தது. தேயிலை ஆலையும் மூடப்பட்டது. பலர் ஊரை விட்டு அகன்றனர். எஞ்சியோர் பழைய லயங்களிலேயே தங்கினர். இம்மலையினின்றும் இறங்கினால், விதுராவுக்கு அண்மையில் செற்றச்சல் என்னும் ஊர் உள்ளது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் ஜவஹர் நவோதயா வித்யாலயா அங்கேதான் இருக்கிறது. தேர்வு எழுதி வெற்றி பெற்ற பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொண்டு, உணவும் உறைவிடமும் அளித்துக் கற்பிக்கும் மத்திய அரசுப் பள்ளி அது.

லயத்துப் பிள்ளை ஒன்று அப்பள்ளிக்கு விண்ணப்பம் செய்யலாம் என்னும் நிலை எளிதில் வந்ததன்று. திருவிதாங்கூரில் 1817-ஆம் ஆண்டிலேயே ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என ஆணை பிறப்பித்தார். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தலைநகரில் ஆங்கிலப் பள்ளி தொடங்கப்பெற்றது. அது வளர்ந்து 1866-இல் கல்லூரி ஆயிற்று. 'மனோன்மணீயம்' இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்தது அக்கல்லூரியிலேயே என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. எனினும், அக்காலத்தில் கல்வி நாட்டு மக்கள் அனைவர்க்கும் கிட்டியது என்று எண்ணிவிடலாகாது. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்களின் குழந்தைகள் பள்ளித் திண்ணையையும் அணுக இயலவில்லை.

அத்தடையை எதிர்த்து எழுந்தவர் வெங்ஙானூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்த அய்யங்காளி. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையேல் வயல்களில் உழைப்பும் இல்லை என்று விவசாயத் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் ஈடுபடுத்தினார். அரசாணை பிறந்தது, ஆனால் ஆணை பிறந்ததனால் மட்டும் கதவு திறந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது கலகம் மூண்டது, பள்ளிக்கூடமே தீக்கிரையாயிற்று. இன்று அப்பள்ளி அய்யங்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1937-இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறக் காணவேண்டும் என்பதே தம் ஆசை என்று அய்யங்காளி கூறியதாகச் சொல்வர். எழுத்தறியாத அப்பெரியார் கேட்டது பொன்னன்று, பொருளன்று, பட்டம் பத்து!

நாடு விடுதலை பெற்றபின் சட்டங்கள் பல வந்தன. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் 25-க்கு மேற்பட்டிருக்கும் தோட்டங்களில் கல்வி வசதி செய்யுமாறு முதலாளிகளைப் பணிக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெடுமங்காடு வட்டம் கேரளத்திலேயே நின்றது. போனக்காட்டுத் தமிழர் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கிராமப்புறத்துத் திறமையாளர்க்கென மாவட்டந்தோறும் நவோதயா பள்ளி ஒன்று அமைய வேண்டும் என வகுத்தது. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் அவை அமைந்தன. மும்மொழித் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு ஏற்காமையால், இதனை எழுதும் வரையில் அங்கு ஒன்றேனும் இல்லை. அக்கொள்கை சரியா, தவறா என்பது இங்கு நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. மலைக்கு அப்பால் உள்ள உறவினர் பிள்ளைக்கு இல்லாத வாய்ப்பொன்று இப்பால் உள்ள பிள்ளைக்கு உண்டு என்பதை மட்டும் மனத்தில் இருத்துவோம்.

தேர்வு வைத்து இளம் பிள்ளைகளைப் பிரிப்பது முறையோ என்னும் வினா உலகெங்கும் எழுந்துள்ளது. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின், பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்து, வென்றோரைக் 'கிராமர்' பள்ளிகளுக்கு அனுப்பினர். அவ்வயதிலேயே ஒரு குழந்தையின் எதிர்காலத்தை அறுதியிடுவது தகாது என்ற எதிர்ப்பு வலுக்கவே, 1965 முதல் அம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. 160-க்குச் சற்று மேற்பட்ட பள்ளிகளே எஞ்சின. நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளைச் சேர்க்கத் தேர்வு வைத்தலைத் தடை செய்தது. எனினும் நவோதயா பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே, அத்தேர்வு இருக்கும் வரையில் அதனை எதிர்கொள்ளும் வழியை அறிதலே அறிவுடைமை.

அவ்வழி யாது? ஆறாம் வகுப்பில் ஒரு பள்ளிக்கு மிகுதியாக 80 இடங்கள். அவற்றுள் முக்கால் பங்கேனும், அதாவது 60 இடங்கள், கிராமப்புறப் பிள்ளைகளுக்கு உரியவை. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு உண்டு. விண்ணப்பத்திற்குக் கட்டணமில்லை. தேர்வு இரண்டு மணி நேரம். கேள்விகள் 80: மனத்திறன் 40, கணக்கு 20, மொழி 20. விண்ணப்பிக்கும் பிள்ளை அம்மாவட்டத்திலேயே வசித்து, அங்கேயே ஐந்தாம் வகுப்புப் படித்திருத்தல் வேண்டும். தலைமையாசிரியரின் சான்று வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது, ஆறாம் வகுப்புக்கான இத்தேர்வை ஒருமுறைக்கு மேல் எழுத இயலாது.

இவ்விதிகளை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பஞ்சமியைத் தடுத்தது சாதி. இன்று லயத்துப் பிள்ளையைத் தடுக்கக்கூடியது ஒரு தேதி. விண்ணப்பம் கணினி வழியே செல்லவேண்டும். அறிவிப்பு வந்ததை மலையுச்சியில் இருக்கும் பெற்றோர்க்குச் சொல்வார் யார்? புகைப்படமும் பிறப்புச் சான்றும் சேர்த்து, தலைமையாசிரியரிடம் கையொப்பம் பெற்று, குறித்த நாளுக்குள் அனுப்புவார் யார்? கணக்கில் சூட்டிகையான பெண் ஒருத்தி, கேள்வித்தாளைக் காணாமலேயே தோற்றுவிடக் கூடுமன்றோ! நம் காலனியிலுள்ள இரயில்வே ஊழியரும் இதனைக் கருத வேண்டும். மாறுதல் உத்தரவு வந்து, பிள்ளை வேறு மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்க நேர்ந்தால், செற்றச்சலுக்கு உரிமை அற்றுப்போம்; புதிய மாவட்டத்தின் பள்ளிக்கே விண்ணப்பிக்க வேண்டும். நகரத்துப் பள்ளியில் படிப்போர்க்குக் கால் பங்கு இடங்களே போட்டிக்கு உரியவை என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின் நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் அறிவிப்பு வெளிவந்தவுடன் நம் இளைஞர் இருவர் போனக்காட்டிற்குச் செல்லட்டும். ஐந்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகள் அனைவர்க்கும் விண்ணப்பத்தை நிரப்பித் தரட்டும். விடுமுறை நாட்களில் மாதிரிக் கேள்விகளைப் பயிற்றுவிக்கட்டும். இடம் கிடைக்காத பிள்ளைகளைத் தோற்றவர் என எண்ணாது, அவர்தம் ஊர்ப் பள்ளிப் படிப்புக்கும் துணை நிற்கட்டும். 80 இடங்களுக்கு வெளியே நிற்போரே எங்கும் பலர்.

அய்யங்காளி ஒரு சிறுமியின் கையைப் பிடித்துப் பள்ளி வாயில் வரை நடந்தார். அவர்க்கு எதிரே தீயும் தடியும் நின்றன. நமக்கு எதிரே நிற்பது ஒரு விண்ணப்பத் தாளும் மலைப்பாதையும் மட்டுமே. அதற்கும் நாம் நடவாதிருத்தல் தகுமோ?