பள்ளி பஸ்ஸும் எஃப்.சி.யும்: ஒரு சின்ன வரலாறு



பள்ளி வேன் வைத்து ஓட்டும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் சலித்துக்கொண்டார். "எஃப்.சி. எடுத்துத்தானே ஓட்டுறோம் சார்? அதுக்கு மேல மே மாசம் வெயில்ல கிரவுண்டுல கொண்டுபோய் வரிசையா வேற நிறுத்தணுமா?" என்றார். நியாயமான கேள்விதான். போனில் சொன்னால் நீளும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எஃப்.சி. புதிய சங்கதி இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பஸ்ஸுக்கும் லாரிக்கும் தகுதிச் சான்று கட்டாயம். 1988 சட்டம் அதை 56ஆம் பிரிவில் வைத்துக்கொண்டது. பள்ளி, கல்லூரி பஸ்களும் அதற்குள் வந்தன. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் பக்கத்தில் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதானே சொல்கிறோம்! அவர் என்ன பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

தில்லியில் 1997 நவம்பரில் ஒரு பள்ளி பஸ் யமுனையில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மஞ்சள் வர்ணம், முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இனி 2012க்கு வருகிறேன். அந்த வருடம் ஜூலை 25ஆம் தேதி, தாம்பரம் பக்கம் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று பள்ளி முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸின் தளத்தில் ஓட்டை. அதன் வழியே கீழே விழுந்து பின்சக்கரத்தில் சிக்கி இறந்துபோனது. ஊரே கொதித்தது, பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்த பஸ்ஸுக்கு எஃப்.சி. இருந்தது என்பதுதான். சட்டம் இருந்தது, சோதனை இருந்தது, சான்றிதழும் இருந்தது. ஓட்டையும் இருந்தது.

எஃப்.சி.க்குப் போகும்போது மட்டும் பெயிண்ட் அடித்து, நல்ல டயர் மாட்டி, திரும்பி வந்ததும் பழைய டயரைப் போடுகிற கதையை நம்மில் கேள்விப்படாதவர் யார்? இதைச் சொல்லித்தான் சிலர், சோதனையே வெறும் சடங்கு, எடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள் என்பதற்காகப் பரீட்சையை நிறுத்துவதில்லை. ஹாலில் இன்னொரு ஆசிரியரை நிறுத்துவோம்.

2012இல் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அதே வருடம் தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. இப்போது பள்ளி திறக்கும் முன் மைதானத்தில் பார்க்க வருவது பிரேக் இன்ஸ்பெக்டர் மட்டும் அல்ல. வருவாய்த்துறை, காவல்துறை, கல்வித்துறை அதிகாரிகளும் சேர்ந்து வருகிறார்கள். தளம், படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்புக் கருவி எல்லாம் பார்க்கிறார்கள். சரியில்லாத வண்டியை எல்லார் முன்னிலையிலும் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு கையெழுத்தை வளைப்பது சுலபம், நாலு துறையை ஒரே மைதானத்தில் வளைப்பது அத்தனை சுலபமில்லை. ஒரு நாள் வெயிலும் ஒரு நாள் ஓட்டமும் போகிறது என்பது உண்மை. நிழலுக்குப் பந்தல் போடச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை.

2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்தான். அதற்குப் பிறகு முன்னும் பின்னும் கேமரா, சென்சார் வேண்டும் என்ற விதி வந்தது. வரிசையைப் பாருங்கள். 1997, 2012, 2022. ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு பிள்ளையின் சாவு இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது. வெள்ளை போர்டு போட்ட சொந்த ஆம்னி வேனில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகிறார்களே, அவர்கள்தான். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம் செல்லும், அதுவரை எஃப்.சி. கிடையாது. மே மாத மைதானத்துக்கும் அது வராது. பெற்றோர் பேசி அமர்த்திய வண்டி என்பதால் பள்ளியும் கேட்பதில்லை. அடுத்த விதியாவது சாவுக்கு முன்னால் இதற்கு வர வேண்டும்.

பேரப்பிள்ளைகளும் பிள்ளைகளும் வேனில் போகிறவர்கள், நாளைக் காலையில் வண்டி வரும்போது நம்பர் பிளேட் மஞ்சளா வெள்ளையா என்று பாருங்கள். டிரைவர் தம்பியிடம் சொல்லிவிட்டுக் காலடி மேட்டையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். பார்த்ததைக் கீழே எழுதுங்கள்.