வெட்டிய தண்டில் எழும் புதுமரம்

சிரம்பான் தோட்டங்களில் நம்மவர் பால் வெட்டிய மரங்களின் மூதாதை, 1876ஆம் ஆண்டில் விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகளாம். அவற்றில் முளைத்த 22 நாற்றுகள் 1877இல் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்தடைந்தன. விதையிலிருந்து வளர்ந்த மரங்கள் ஒரே அளவாகப் பால் தரவில்லை. இக்குறையைத் தீர்த்தது, 1910களின் பிற்பகுதியில் ஜாவாவில் வான் ஹெல்டன் முதலியோர் வகுத்த ஒட்டுமுறை.

நற்பால் மரத்தின் கண் ஒன்றைப் பட்டையோடு எடுத்து, நாற்றின் அடித்தண்டில் பதித்துக் கட்டுவர். சுமார் மூன்று வாரத்திற்குப்பின் கட்டவிழ்த்து, அது பசுமையாயிருந்தால் மட்டுமே, கண்ணுக்குமேல் உள்ள தண்டை வெட்டி நீக்குவர். வேரின் வலிமையெல்லாம் அக்கண்ணில் பாய்ந்து, புதுத்தண்டு எழும். கண் பற்றாத நாற்றை வெட்டினால் பழைய தண்டே கிளைக்கும். அப்பிழை ஐந்தாறு ஆண்டுகளுக்குப்பின் பால் கிண்ணத்தில்தான் தெரியும். ஆதலின், வெட்டுமுன் கண்ணைப் பார்த்தலே இத்தொழிலின் முதற்பாடமாயிற்று.